சொக்கியின் நாற்பத்து மூன்று துண்டுகள்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் இந்தக் கதையில் நான் மூன்று இடத்தில் கத்துவேன். அதில் இரண்டு நியாயமானவை. ஒன்று கத்தியிருக்கவே கூடாதது. என் பெயர் அம்பிகா. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை செய்கிறேன், அதில் பதினோரு வருஷம் சாம்பிள் ரூமில். ஆனால் கதை என்னுடையது இல்லை, எனக்குப் பக்கத்து மேஜையில் நிற்கிற ஹெலனுடையது.

ஹெலனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. சொக்கியைத் தெரிந்திருக்கலாம். ஆட்டுக்குட்டிக் காது, ஷூ லேஸில் பின்னிய சடை, இடது காலில் சிவப்பு ஷூ, வலது காலில் பச்சை ஷூ. போன் திரையில் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "இன்னா, எல்லாரும் சாப்ட்டீங்களா, இல்ல என்னப் பாக்க அடுப்ப நிறுத்திட்டு ஓடியாந்தீங்களா" என்று ஆரம்பிக்குமே, அந்தப் பொம்மைப் பெண். ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் அவளைப் பின்தொடர்கிறார்கள். மாதனூரில் காலை ஏழே காலுக்குக் கம்பெனி பஸ் ஏறி, ஜன்னல் ஓரம் கிடைக்காத அன்றைக்கெல்லாம் என்னோடு பேசாமல் வருகிற முப்பது வயதுப் பெண்தான் அந்தச் சொக்கி என்பது பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எப்படி என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஹெலன் கேமரா முன்னால் உட்கார்ந்து பேசுவாள். அவள் கண்ணை மூடினால் திரையில் சொக்கி கண்ணை மூடும், அவள் சிரித்தால் சொக்கி சிரிக்கும். பார்க்கிறவர்களுக்கு ஹெலன் தெரிய மாட்டாள். சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் பேச உட்கார்ந்தால், அடுப்படியில் அவள் அம்மா சவுரியம்மாள் குக்கர் வைத்திருப்பார். விசில் வந்ததும் சொக்கி பேச்சை நிறுத்திவிட்டுக் காதை நிமிர்த்தும். பார்க்கிற அத்தனை பேரும் "ஒண்ணு" "ரெண்டு" என்று எழுதுவார்கள். நாலாவது விசிலில் சொக்கி, "எம்மா, நிறுத்து" என்று கூப்பிடும். அதற்காகவே வருகிற ஜனங்கள் இருக்கிறார்கள்.

"ஒன் மூஞ்சிக்கி இன்னா கொறச்சல், நேராவே பேச வேண்டியதுதான?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மொதல்ல மூஞ்சியக் காட்டித்தான்கா பேசுனேன். எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு வீட்டுப் பொண்ணு, அப்பா இன்னா வேல, இதேதான் கேட்டாங்க. நான் சொன்ன ஜோக்குக்கு ஒருத்தன் சிரிக்கல. சொக்கிகிட்ட இதுவரைக்கும் ஒரு ஆள்கூட அதக் கேட்டதில்ல."

எங்கள் பக்கத்தில் தோல் வேலை செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தக் கேள்வி எதற்கு வருகிறது என்று விளக்க வேண்டியதில்லை.

சாம்பிள் ரூம் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர், எங்கள் பேச்சில் பையர், ஒரு படம் அனுப்புவார். அதைப் பார்த்து முதல் ஷூவைச் செய்து காட்டுவது நாங்கள். ஹெலன் பேட்டர்ன் வெட்டுகிறவள். கால் வடிவக் கட்டையின் மேல் டேப்பைச் சுற்றி ஒட்டி, அதன் மேல் பென்சிலால் கோடு போட்டு, உரித்து, அட்டையில் பரப்பித் துண்டு துண்டாக வெட்டுவாள். அந்த அட்டையை வைத்துத் தோலை வெட்டிக் கொடுத்தால் நான் தைப்பேன். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டுக்கு அடியில் எட்டு மில்லிமீட்டர் போக வேண்டும். வெளியே தெரியாத அந்த எட்டு மில்லி இல்லாவிட்டால், நடக்கும்போது தையல் வாயைத் திறந்துவிடும். எந்தத் துண்டு எதோடு சேரும் என்று தெரிய, மறைகிற விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு போடுவோம். எங்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி, யோசித்துச் செய்வதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஜோடி ஷூவில் இடது கால் பையருக்குப் போகும், வலது கால் எங்களிடம் நிற்கும். நிற்பதில் ஒரு டேக் கட்டி, தேதி போட்டு, வெட்டினவர் கையெழுத்தும் பார்த்தவர் கையெழுத்தும் வாங்கி, நம்பர் உள்ள பிளாஸ்டிக் சீல் போட்டு, அதன் அட்டைப் பேட்டர்னோடு கொக்கியில் மாட்டிவிடுவோம். அந்த நம்பர் ரிஜிஸ்டரில் வரிசையாக ஏறும். நாளைக்கு பையர், "நான் இதைக் கேட்கவில்லை" என்று சொன்னால் எடுத்துக் காட்ட வேண்டும் இல்லையா? எங்கள் ரூமில் பார்த்தவர் கையெழுத்து என்னுடையது. ஒரு நாளைக்கு நாற்பது சீல் போடுவேன்.

இந்தப் படிப்பை வைத்துத்தான் ஹெலன் சொக்கியைச் செய்தாள். அதுவரை அவள் வெறும் குரலில், அசையாத ஒரு ஷூ படத்தோடு பேசிக்கொண்டிருந்தாள். நாலாயிரம் பேர் கேட்டார்கள். அந்தக் குரலுக்கு நடமாடுகிற ஒரு முகம் வேண்டும் என்று ஒரு பழைய லேப்டாப் வாங்கி, எட்டு மாதம் உட்கார்ந்தாள். இதே வேலை செய்கிற மற்றவர்கள் இணையத்தில் புலம்பிக்கொண்டிருந்தார்களாம், பொம்மை முகத்தைத் திருப்பினால் கன்னத்துக்கும் காதுக்கும் நடுவில் ஓட்டை விழுகிறது என்று. ஹெலன் எனக்கு அதைக் காட்டிச் சிரித்தாள்.

"அக்கா, இவுங்கல்லாம் அடியில எட்டு மில்லி விடல."

அவள் விட்டாள். முதலில் கழிவு அட்டையில் சொக்கியின் முகத்தை நாற்பத்து மூன்று துண்டாக வெட்டினாள், சடைக்கு மட்டும் ஏழு. பிறகு அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கேன்டீனில் ஒரு நாள் போனை என் முன்னால் நிறுத்தி, "பாரு" என்றாள். சொக்கி தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது. நான் சோற்றை விட்டுவிட்டு அதையே பத்து தடவை போடச் சொன்னேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் பெங்களூர் ஏஜென்சி வந்தது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் எனக்கும் நோட்டீஸ் அனுப்புவார்கள். இந்த மாதிரிப் பொம்மை முகத்தோடு பேசுகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு, விளம்பரம் பிடித்துக் கொடுத்து, நல்ல கேமராவும் லேப்டாப்பும் தந்து வளர்த்துவிடுகிற கம்பெனி அது. ஹெலனின் குரலைக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். பேசினவன் கார்முகிலன். தேன் ஒழுகப் பேசுவான். ஹெலன் தன் சொக்கியின் ஃபைலை அவனுக்கு அனுப்பிக் காட்டினாள். அன்றைக்கே, "வாங்க, கையெழுத்துப் போடலாம்" என்றான்.

மார்ச் இருபத்தெட்டு. பதினெட்டுப் பக்க ஒப்பந்தம், எல்லாம் ஆங்கிலம். ஹெலன் பி.காம். இரண்டாம் வருஷம் வரை படித்தவள், பையர் அனுப்புகிற ஆங்கிலத் தாளை எனக்கே அவள்தான் படித்துச் சொல்வாள். ஆனால் இந்த ஆங்கிலம் வேறு மாதிரி இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் பதினோராம் பக்கத்தில் வந்து நின்றாள். அங்கே ஒரு பெரிய காலிக் கட்டம்.

"அக்கா, இதுக்கு முன்னாடியே ஒங்களுக்குச் சொந்தமா இருக்குற படைப்பு எதாச்சும் இருந்தா எழுதுங்கன்னு இருக்குது. இதுல இன்னா எழுதுறது?"

இங்கே எங்கள் கேட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினமும் உள்ளே நுழையும்போது ஒரு தாள் நிரப்புவோம். அதில் "கொண்டுவரும் சொந்தப் பொருள்" என்று ஒரு கட்டம். நான் சேர்ந்த புதிதில் உண்மையாக "கத்தரிக்கோல் 1" என்று எழுதிவிட்டேன். சாயங்காலம் அந்தக் கத்தரிக்கோலை வெளியே கொண்டுபோக மூன்று கையெழுத்து வேண்டும் என்று நாற்பது நிமிஷம் நிறுத்திவைத்தார்கள். பஸ் போய்விட்டது. அன்றிலிருந்து "இல்லை". நான் மட்டும் இல்லை, அத்தனை பேரும். டிபன் பைக்குள் சொந்தக் கத்தரிக்கோல் இருக்கும், தாளில் "இல்லை" என்று இருக்கும். புதிதாக வருகிற பெண்களுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுப்பதே இதைத்தான்.

ஆகவே வாயில் சோற்றை வைத்துக்கொண்டு நான் சொன்னேன்:

"கேட்டுல எழுதறதயே எழுது. எதுக்கு வீண் பேஜாரு?"

ஹெலன் தினமும் எழுதுகிற அதே சாய்வில், அதே வேகத்தில் "இல்லை" என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டாள். சாட்சிக் கையெழுத்துப் போட்டது யார் தெரியுமா? நான்தான்.

மே மாதம் சொக்கி முதல் தடவை நடமாடிக்கொண்டு வெளியே வந்தது. அதன் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஒரே வாரத்தில் நாலாயிரம் இருபதாயிரம் ஆனது. வேலூரில் கல்லூரிப் பிள்ளைகள் சொக்கி மாதிரி இரண்டு காலுக்கு இரண்டு நிற ஷூ போட்டுப் படம் அனுப்பினார்கள். மலேசியாவிலிருந்து ஒருத்தர், "ஜாஸ்தி, கம்மி என்று பேசுவதைக் கேட்டால் பேரணாம்பட்டில் இருக்கிற என் அக்கா ஞாபகம் வருகிறது" என்று எழுதினார். பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டுப் பெண்கள் சொக்கி சொன்னதைச் சொல்லிச் சிரிப்பார்கள், ஹெலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், நான் அவள் தொடையைக் கிள்ளுவேன்.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. போன நவம்பரில் கார்முகிலன் ஒரு புது யோசனையோடு வந்தான். சொக்கி பெரிதாக வளர வேண்டுமென்றால் இந்தப் பேச்சு சரிப்படாது, "இன்னா" வேண்டாம், குக்கர் விசில் வேண்டாம், பொதுவான சுத்தமான தமிழில் பேச வேண்டும். ஹெலன் முடியாது என்றாள். இரண்டு வாரம் பேசிப் பார்த்தான். அவள் அதே பதிலைச் சொன்னாள். டிசம்பர் முதல் திங்கட்கிழமை, டீ இடைவேளையில் போன் வந்தது. ஹெலன் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹெலன், தப்பா எடுத்துக்காதீங்க. சொக்கி ஒரு பிராண்டு. முகம்தான் முக்கியம், உள்ள யார் பேசறாங்கங்கறது மாறலாம். சென்னையில ஒரு பொண்ணு ரெடியா இருக்காங்க. வர்ற ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் புதுச் சொக்கி லைவ்ல வருது. நீங்க விரும்பினா உங்களுக்கு வேற ஒரு கேரக்டர் போட்டுத் தர்றோம்."

"சொக்கி என்னோடது. நான் வரஞ்சது, நான் வெட்டுனது."

"ஒப்பந்த காலத்துல வெளிய வந்தது எல்லாம் ஏஜென்சியோடது. முன்னாடியே சொந்தமா எதாவது இருக்கான்னு உங்களக் கேட்டிருக்கோம், பதினோராம் பக்கம். நீங்க இல்லைனு எழுதிருக்கீங்க."

போனைப் பிடுங்கி நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுத முடியாது, அச்சில் வராது. டீ ஊற்றுகிறவர் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டார். கார்முகிலன் போனை வைத்துவிட்டான். ஹெலன் மட்டும் டேப்பை உரித்து உரித்து விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் உட்கார்ந்தபோது சேனலின் கடவுச்சொல் மாறியிருந்தது. "புதுச் சொக்கி, புதுக் குரல்" என்று போஸ்டர் போட்டிருந்தார்கள். கீழே ஜனங்கள், "எங்க சொக்கிக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

எனக்குத் தூக்கமே இல்லை. அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதச் சொன்ன வாய் என் வாய்.

புதன்கிழமை இரண்டு மணி நேரப் பர்மிஷன் போட்டு ஆம்பூரில் பில்கிஸைப் பார்க்கப் போனோம். பில்கிஸ் வக்கீல், ஹெலன் வயதுதான் இருக்கும், கீழே ஜெராக்ஸ் கடை, மேலே அவர் அறை. பதினெட்டுப் பக்கத்தையும் பென்சிலோடு படித்தார். படித்து முடிக்கிற வரை எங்களைப் பேச விடவில்லை.

"ஒப்பந்த காலத்துல செஞ்சது அவங்களோடதுன்னு இருக்குது. முன்னாடியே செஞ்சத அவங்களுக்குக் குடுத்துட்டேன்னு எங்கயும் இல்ல. அதனால 'இல்லை'ன்னு எழுதினது தப்புதான், ஆனா அதோட முடிஞ்சிடல. மார்ச் இருபத்தெட்டுக்கு முன்னாடியே இது முழுசா இருந்துச்சுன்னு காட்டணும். பழைய லேப்டாப் இருக்குதா?"

"புதுசு குடுத்தப்ப பழச எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டேன் மேடம்."

"மெயில்?"

"அவங்க லிங்க்லதான் ஏத்துனேன். இப்ப அது தொறக்கல."

"அவங்க ஆர்ட்டிஸ்ட் வரஞ்சதுன்னு சொல்லிடுவாங்க. தேதியோட, கையில புடிச்சுக் காட்டற மாதிரி எதாச்சும் வேணும். யோசிங்க."

ஹெலன் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல மேடம்" என்றாள்.

படியில் இறங்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "எட்டு மாசம் செஞ்சியே, ஒரு பேப்பர் வச்சிக்கணும்னு அறிவு வேணாமாடி? ஒரு சாம்பிள்கூட வெச்சிக்காம எவனாச்சும் சரக்க அனுப்புவானா? சாம்பிள் ரூம்லதான வேல செய்யிற?" என்று ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

அவள் நின்றுவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

"வச்சிருக்கேன்கா."

"இன்னாது?"

"ஃபைல அனுப்புறதுக்கு முன்னாடி அட்டைய எல்லாம் வளையத்துல கோத்து, டேக் எழுதி ஒன்கிட்ட நீட்டுனேன். வெளிய போற பொருளுக்கு ஜோடி இங்க நிக்கணும்ல, அந்தப் பழக்கம். லஞ்சு டைம். நீ போன்ல யாரையோ திட்டிக்கினே சீல் போட்டுக் கையெழுத்தும் போட்ட. பேரக்கூடப் படிக்கல. மாட்டிட்டேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. நாளைக்கு நாற்பது சீல்.

"அத ஏன்டி மேல சொல்லல?"

"கம்பெனி சீல சொந்தப் பொருளுக்குப் போட்டா வேலைய விட்டுத் தூக்குவாங்க. கையெழுத்து ஒன்னோடது. பதினெட்டு வருஷம்கா ஒனக்கு."

அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என்னைக் காப்பாற்றச் சொக்கியை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தவளைத்தான் நான் அறிவில்லை என்று திட்டியிருக்கிறேன். இந்த வயதில் எனக்கு அப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை. எழுந்து அவள் கையைப் பிடித்து, "வா, பஸ்ஸப் புடிக்கணும்" என்றேன்.

வியாழக்கிழமை மதியம், சாப்பாட்டு மணி அடித்ததும் டிபனைத் தொடாமல் ரிஜிஸ்டரை எடுத்தேன். போன வருஷத்து மார்ச். ஆறாம் தேதி. சீல் நம்பர் 7718, ஒரு ஜெர்மன் பூட். 7720, ஒரு இத்தாலி லேடீஸ் செருப்பு. நடுவில் 7719, ஸ்டைல் பெயர் "சொக்கி", பார்த்தவர் அம்பிகா. என் கையெழுத்து என்னைப் பார்த்துப் பல்லை இளித்தது. ஆனால் ஹெலன் மாட்டியிருந்த கொக்கியில் இப்போது வேறு பேட்டர்ன் இருந்தது. பழைய செட்டெல்லாம் போன மழைக்குப் பின்னால் ஷெட்டுக்கு மாற்றிவிட்டார்கள், மூட்டை மூட்டையாக.

பதினான்கு மூட்டை. முப்பது நிமிஷம். ஹெலன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அட்டையும் தூசியும் பறந்தது. ஒன்பதாவது மூட்டையில் கை விட்டவள் அப்படியே நின்றாள். இழுத்தாள். ஒரு வளையத்தில் கோத்த அட்டைத் துண்டுகள், மேல் அட்டையில் ஓர் ஆட்டுக்காது. டேக் கொஞ்சம் பழுத்திருந்தது, சீல் அறுபடவில்லை. அட்டை வளையத்தை நடுவில் வைத்து இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். ஹெலன் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, நான் இரண்டும் செய்தேன்.

அதை எடுத்துக்கொண்டு நேராகச் சாம்பிள் ரூம் மேனேஜர் கோவிந்தராஜிடம் போனேன். ஹெலன் வேண்டாம் என்று என் முந்தானையை இழுத்தாள், நான் கேட்கவில்லை. நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கம்பெனி அட்டை, கம்பெனி கொக்கி, கம்பெனி சீல். அப்ப இந்தச் சொக்கி யாருதும்மா?"

ஒருத்தனிடமிருந்து பிடுங்கி இன்னொருத்தரிடம் கொடுக்கவா வந்தேன்? ஹெலன்தான் பேசினாள்.

"அட்டை குப்பக் கூடையில இருந்தது சார். நேரம் சாப்பாட்டு நேரம். சீல் மட்டும் தப்பு."

அவர் ஆர்டர் புத்தகத்தைத் திறந்தார். மார்ச் மாதம் முழுவதும் விரலை வைத்து இறக்கினார். திரும்ப மேலே ஏறினார். "பையர் பேரு இல்ல. ஸ்டைல் நம்பர் இல்ல. ஆர்டர் இல்ல. ஸ்டைல் நம்பர் இல்லாத எதுவும் இந்த ரூமோடது கெடையாது" என்றார். பிறகு இரண்டு தாள் எடுத்தார். ஒன்று எனக்கு மெமோ, சீலைத் தவறாகப் பயன்படுத்தியதற்கு எச்சரிக்கை. அதை இன்றும் பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்னொன்று கேட் பாஸ். "ரிஜிஸ்டர்ல அந்தப் பக்கத்த ஜெராக்ஸ் எடுத்துக்கோங்க, நான் கையெழுத்து போட்டுத் தர்றேன்" என்றார்.

சாயங்காலம் கேட்டில் செக்யூரிட்டி இன்பராஜ் அந்தப் பாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொந்தப் பொருள்: சொக்கி, 43 துண்டு. இது இன்னாம்மா?"

"பொம்ம" என்றாள் ஹெலன்.

"நாப்பத்தி மூணு இருக்குதான்னு எண்ணணுமே."

எண்ண ஆரம்பித்தார். எச்சில் தொட்டு ஒவ்வொன்றாக. பஸ் ஹாரன் அடிக்கிறது. இருபத்தொன்றில் யாரோ கூப்பிட, விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். அங்கேதான் மூன்றாவது தடவை கத்தினேன். அவர் அசரவில்லை, நாற்பத்து மூன்றையும் எண்ணி முடித்துத்தான் விட்டார். "எனக்கு இங்க ஒம்போது வருஷம், இந்தக் கட்டத்துல 'இல்லை'யத் தவிர வேற எழுத்தப் பாக்கறது இதான் மொதல் தடவ" என்றார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பில்கிஸ் அறையில் வீடியோ கால். அந்தப் பக்கம் கார்முகிலன், அவர்கள் வக்கீல், சொக்கியை வரைந்ததாகச் சொல்லப்பட்ட ஓர் ஆர்ட்டிஸ்ட். பில்கிஸ் டேக்கைக் காட்டினார், ரிஜிஸ்டர் பக்கத்தைக் காட்டினார். முன் நம்பரும் பின் நம்பரும் வெளிநாட்டு பையர்கள் அதே வாரம் கையெழுத்திட்ட சாம்பிள்கள் என்பதையும் சொன்னார்.

கார்முகிலன் சிரித்தான். "மேடம், இது ஏதோ அட்டை. எங்க ஃபைல் டிஜிட்டல்."

"ஹெலன்" என்று பில்கிஸ் கூப்பிட்டார்.

ஹெலன் எங்கள் கண் முன்னாலேயே சீலை அறுத்தாள். நாற்பத்து மூன்று துண்டையும் மேஜையில் கொட்டினாள். நம்பர் பார்க்கவில்லை. கன்னம், அதன் மேல் காது, காதுக்கு அடியில் சடை, இமை, மூக்கு. அவள் கை ஓடியது. நான் என் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு நின்றேன். மூன்று நிமிஷம் ஆகவில்லை, மேஜையிலிருந்து சொக்கி தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"இப்ப ஒங்க ஃபைலத் தொறங்க" என்றாள் ஹெலன். கார்முகிலனிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "பதினேழாவது துண்டு, எடது கன்னம். மேல இருக்குறத எல்லாம் மறைச்சிட்டு அத மட்டும் பாருங்க. காதுக்கு அடியில போற எடத்துல, வெளிம்புல சின்னதா ஒரு வெட்டு இருக்கும். திரையில எப்பவும் தெரியாது. நாப்பத்தி மூணுலயும் இருக்குது. அது எதுக்குன்னு ஒங்க ஆர்ட்டிஸ்ட்டக் கேளுங்க."

ஆர்ட்டிஸ்ட் அங்கேயே திறந்து பார்த்தார். வெட்டு இருந்தது. அடுத்த துண்டைத் திறந்தார், அதிலும் இருந்தது. பாவம், சின்ன வயசு, பொய் சொல்ல வரவில்லை. "இது எதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. ஃபைல் வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு. நான் கலர் மட்டும்தான் மாத்தினேன்" என்றார்.

ஹெலன் அட்டையில் இருந்த பதினேழாம் துண்டைக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தாள். அதே இடத்தில் அதே வெட்டு. "தோல் வெட்டுறவங்க போடறது. பக்கத்துத் துண்ட எங்க சேக்கணும்னு தெரியறதுக்கு. கம்ப்யூட்டருக்கு அது தேவையே இல்ல. பழக்கத்துல போட்டுட்டேன்."

அவர்களுடைய வக்கீல் குரலை நிறுத்திவிட்டுக் கார்முகிலனிடம் ஏதோ பேசினார். வாய் மட்டும் அசைந்தது. நாலு மணிக்குள் சொல்கிறோம் என்றார்கள். மூன்றரைக்கு மெயில் வந்தது. புதுச் சொக்கி நிறுத்தம். சேனல் ஹெலனுக்கே திரும்பும். சொக்கி ஹெலனுக்குச் சொந்தம் என்று ஒப்புக்கொண்டு, விருப்பம் இருந்தால் புது ஒப்பந்தம் பேசலாம் என்றும் கடைசியில் ஒரு வரி. பில்கிஸ் இரண்டு தடவை படித்துவிட்டு, கீழே ஜெராக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டு நாலு டீ சொன்னார், நாலாவது அந்தக் கடைக்காரருக்கே.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. மாதனூரில் ஹெலன் வீட்டு முன்னறையில் நான் கேமராவுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். புதுக் குரலைத் திட்டுவதற்கென்றே ஒன்பதாயிரம் பேர் காத்திருந்தார்கள். திரையில் சொக்கி தலையைச் சாய்த்தது. "இன்னா, எல்லாரும் சாப்ட்டீங்களா" என்றது. அவ்வளவுதான், எழுத்து மழை மாதிரி கொட்டியது, படிக்க முடியவில்லை. சவுரியம்மாள் வேண்டுமென்றே குக்கரை வைத்திருந்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நானும் தரையில் உட்கார்ந்து எண்ணினேன். நாலாவது விசிலில், "எம்மா, நிறுத்து" என்றபோது ஹெலனின் குரல் உடைந்தது, சொக்கிக்கும் உடைந்தது.

அடுத்த வாரம் புது ஒப்பந்தம் வந்தது, அதே ஏஜென்சி. சொக்கியை அவர்கள் இரண்டு வருஷம் விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், சொந்தம் கொண்டாட முடியாது, பேச்சை மாற்றச் சொல்ல முடியாது. பில்கிஸ் வரிக்கு வரி பார்த்துவிட்டுப் போடலாம் என்றார். கேன்டீனில் அதே மேஜையில் ஹெலன் அதை விரித்தாள். பக்கம் பக்கமாகத் திருப்பி, "முன்பே உங்களுக்குச் சொந்தமான படைப்புகள்" என்ற அந்தக் காலிக் கட்டத்தில் வந்து நின்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் வாயே திறக்கவில்லை, டிபன் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் பேனாவைத் திறந்தாள். ஒன்று, சொக்கி, இடது காது வெளிப்புறம். இரண்டு, சொக்கி, இடது காது உட்புறம். மூன்று, வலது காது வெளிப்புறம். கேட் தாளில் எழுதுகிற வேகம் இல்லை, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினாள். சாப்பாட்டு நேரம் முடியப் போகிற மணி அடித்தது. கட்டம் பத்தொன்பதோடு நிரம்பிவிட்டது.

"அக்கா" என்று தலை நிமிராமல் கையை நீட்டினாள். "இன்னொரு பேப்பர் குடு."